க்ளோவரைப் பச்சோந்தி என்று எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொலைக்காட்சித் தொடர் பற்றி வந்த கட்டுரையின் ஒரு வரி மூன்று நாளாக என்னை உறுத்துகிறது. வடக்கின் ராஜா ராப் ஸ்டார்க்கைக் கல்யாண விருந்தில் கொன்ற ரெட் வெட்டிங் படுகொலைக்குப் பிறகு, ஸ்டார்க் குடும்பத்துக்குச் சத்தியம் செய்திருந்த வடக்குப் பிரபுக்கள் எல்லாருமே பச்சோந்திகளாகிவிட்டார்களாம். அதற்கு உதாரணம் ராபெட் க்ளோவராம்.

ஆறாவது சீசனின் ஏழாவது எபிசோடு உங்களுக்குத் தெரியாததல்ல. ராப் ராஜாவோடு வளர்ந்த ஜானும் அவருடைய தங்கை சான்ஸாவும், அவரைக் கொன்ற போல்டன் குடும்பத்திடமிருந்து வின்டர்ஃபெல் கோட்டையை மீட்கப் படை கேட்டு வந்து நிற்கும்போது க்ளோவர் சும்மா கதவைச் சாத்தவில்லை. இரும்புத் தீவுக்காரர்கள் தன் கோட்டையைப் பிடித்து, மனைவி பிள்ளைகளைச் சிறையில் போட்டபோது ராப் ராஜா எங்கே போயிருந்தார் என்று கேட்கிறார். தன் கோட்டையை மீட்க உதவியது அந்தப் போல்டன்கள்தான் என்கிறார். அந்தக் கேள்விக்கு சான்ஸாவிடமே பதில் இல்லை. பழைய சத்தியத்தை அவள் ஞாபகப்படுத்தியதற்குத்தான் அவர் அப்படிக் கேட்டார். உங்கள் கட்டுரையாளர் அந்தக் கேள்வியைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

எனக்கு 19 வயதில் அப்பா இறந்தார். சின்ன அச்சகம் வைத்திருந்தார். அவரிடம் 22 வருஷம் வேலை பார்த்த ஒருவர், காரியம் முடிந்த அடுத்த மாதமே போட்டி அச்சகத்தில் சேர்ந்துவிட்டார். அவர் பெயரை வீட்டில் எடுத்தாலே நான் எழுந்து போய்விடுவேன். அப்பா படுத்த படுக்கையாக இருந்த ஏழு மாதமும் அவருக்குச் சம்பளமே போகவில்லை என்பது பிற்பாடு கணக்கு நோட்டைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. தம்பி அச்சகத்தை மறுபடி திறந்த அன்று அவர் வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று, நகக்கண்ணில் ஏறியிருந்த மையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். "உள்ளே வாங்கண்ணே" என்றார் அம்மா. வேறு ஒன்றும் கேட்கவில்லை. எனக்குத்தான் அவரிடம் பேச ரொம்ப நாள் ஆயிற்று.

அதனால்தான் அந்த ஆறாவது சீசனின் கடைசி எபிசோடில் க்ளோவர் எல்லார் முன்னாலும் எழுந்து, ஜானுக்குத் துணையாகப் போர்க்களத்துக்கு வராததற்குச் சாகும்வரை வருந்துவேன் என்று சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. மன்னிக்க ஒன்றுமில்லை என்கிறான் ஜான். சரி, எட்டாவது சீசனில் அவர் மறுபடியும் தன் கோட்டையிலேயே தங்கிவிட்டார், எனக்கும் கோபம் வந்தது. ஆனால் அவர் வாக்குக் கொடுத்தது வடக்கின் ராஜாவுக்கு. அந்த ராஜாவான ஜானோ, மொத்த நாட்டுக்கும் உரிமை கொண்டாடிய ராணி டெனேரிஸுக்கு மண்டியிட்டுவிட்டுத் திரும்பியிருந்தான். சான்ஸாவின் கடைசித் தம்பி, சிறுவன் ரிக்கனைக் கொண்டுபோய் ராம்சே போல்டனிடம் ஒப்படைத்த பிரபு அம்பரையும் இவரையும் ஒரே சொல்லில் எப்படி அடக்குகிறீர்கள்? பத்து வயதிலேயே ஒரு வடக்குக் குடும்பத்தின் தலைவியான லியானா மார்மாண்ட் தன்னிடம் இருந்த 62 பேரையும் ஜானுக்கு அனுப்பினாளே, "எல்லாருமே" என்பதில் அவளும் சேர்த்தியா?

இது முதல் தடவையாக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். தொடர் முடிந்த 2019இல் ராப் ராஜாவின் அம்மா கேட்லின் படத்தைப் போட்டு, கீழே எதிரி ராணி செர்சியின் பெயரை அச்சிட்டீர்கள். கண் முன்னால் மகன் குத்துப்பட்டுச் சாக, அலறி ஓய்ந்து, கழுத்தில் கத்தி விழும்வரை வெறித்துப் பார்த்து நின்ற அந்த முகத்தையா அடையாளம் தெரியவில்லை? அப்போதே கடிதம் போட்டேன், பதில் இல்லை. அப்புறம், ஸ்டார்க் வீட்டில் வளர்ந்து, அவர்கள் கோட்டையையே பிடித்து, கடைசியில் அவர்களுக்காகவே சண்டையிட்டுத் தியான் செத்தபோது 'துரோகிக்குக் கிடைத்த தண்டனை' என்று தலைப்பு வைத்தீர்கள். அடுத்த எபிசோடில் சிதையில் கிடந்த அவன் மார்பில் ஸ்டார்க்குகளின் ஓநாய்ச் சின்னத்தைக் குத்தியது யார்? அவன் பறித்துக்கொண்ட வின்டர்ஃபெல்லில் பிறந்து வளர்ந்த சான்ஸா. பறிகொடுத்தவளே அவனைத் தன் குடும்பத்தில் சேர்த்துக்கொண்டாள். உங்களுக்கு மட்டும் அவன் கடைசிவரை துரோகிதான்.

இருபது வருஷமாக உங்கள் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாசிக்கிறவள் என்ற உரிமையில் கேட்கிறேன். அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். "எல்லாருமே" என்ற சொல்லை எடுத்துவிட்டால் போதும். கேட்லின் படத்துக்கான திருத்தமும் இன்னும் பாக்கி இருக்கிறது, முடிந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகி