லாப்லாந்து மான்களுக்குச் சொந்தக்காரர் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த பின்லாந்துப் பயணக் கட்டுரையில் துருவ ஒளியைப் பற்றி நிறைவாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் பின்லாந்தின் வடகோடியான லாப்லாந்தில் சாலையோரம் நின்ற ரெயின்டீர்களைக் காட்டு மான்கள் என்று சொன்னதும், கிட்டே போய்ப் படம் எடுக்கச் சொன்னதும் சரியல்ல.

அங்கே கண்ணில் படும் ரெயின்டீர் அநேகமாக எல்லாமே யாரோ ஒருவர் வளர்ப்பவை. காட்டு இனம் தெற்கே கைனூ, சுவோமென்செல்கே போன்ற பகுதிகளில்தான் வாழ்கிறது. தொலைநோக்கியால் காதைப் பார்த்தால் ஓரத்தில் கத்தியால் வெட்டிய சிறு பள்ளங்கள் தெரியும். அவற்றின் இடமும் வடிவமும் சேர்ந்ததுதான் உரிமையாளரின் குறி. கோடையில் கொசுத் தொல்லை தொடங்கியதும் மான்கள் தாமாகவே காற்றடிக்கும் மேடுகளில் கூட்டம் சேரும். அதுதான் கன்றுகளுக்குக் குறி போட ஏற்ற சமயம். சூரியன் மறையாத இரவின் குளிர்ச்சியில் பட்டிக்கு ஓட்டி வருவார்கள். கன்றின் கழுத்தில் எண் அட்டை ஒன்றைத் தொங்கவிட்டு, அது எந்தத் தாயின் பின்னால் ஓடுகிறது என்று பொறுமையாகப் பார்த்து எழுதிக்கொள்வார்கள். தாய் யாருடையதோ கன்றும் அவருடையது. அந்த நேரத்தில் ஒருவர் ட்ரோனைப் பறக்கவிட்டால் கூட்டம் மிரண்டு, தாயும் கன்றும் பிரிந்து, கணக்கே குழம்பிவிடும். மே மாதம் கன்று ஈனும் காலம், அப்போது நெருங்கவே கூடாது.

வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று. ஒரு மான் சாலையைக் கடந்ததும் வேகம் கூட்டாதீர்கள், பின்னால் இன்னும் சில வரும். கொசுவுக்குத் தப்பி வெட்டவெளியான தார்ச்சாலையிலேயே நிற்கவும் செய்யும். மான் அடிபட்டுவிட்டால் அவசர உதவி எண் 112-க்குச் சொல்ல வேண்டும்.

தரையில் வெளிர் சாம்பல் நிறத்தில் படர்ந்திருக்கும், பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வளரும் லைக்கன்தான் இவற்றின் குளிர்காலத் தீவனம். பனியைக் குளம்பால் தோண்டித் தின்னும். குளிர்காலத் தொடக்கத்தில் மழை பெய்து உறைந்தால் லைக்கன் மேல் பனிக்கட்டி ஓடு கட்டிவிடும்; தோண்ட முடியாது. வளர்ப்பவர்கள் உலர்ந்த புல் வாங்கிப் போட வேண்டியதுதான். ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே வளரும் லைக்கன், வெயிலில் காய்ந்திருக்கும்போது மிதித்தால் அப்பளம்போல் நொறுங்கும். பாதையை விட்டு இறங்காதீர்கள்.

கட்டுரையில் சொல்லாமல் விட்டது, நடைப்பயணிகளுக்காகப் பூட்டாமல் திறந்தே இருக்கும் காட்டுக் குடில்கள். கட்டணமில்லை, முன்பதிவில்லை, ஓரிரு இரவு தங்கலாம். கடைசியாக வருபவருக்கே முதல் உரிமை. முன்பே வந்து இளைப்பாறியவர்கள் இடம் விட்டுக் கொடுக்க வேண்டும். அடுப்பில்தான் கவனம் தேவை. சூடு வீணாகக் கூடாதென்று கங்கு அணையுமுன் புகைபோக்கித் தகட்டை மூடினால் கார்பன் மோனாக்சைடு அறைக்குள் நிறையும். அதற்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போகும். கங்கு முழுதும் கறுத்து, நீலச் சுடர் எதுவும் தெரியாத பிறகே மூட வேண்டும். பற்றவைக்கும்போது புகை உள்ளே திரும்பினால் புகைபோக்கி குளிர்ந்திருக்கிறது என்று பொருள். முதலில் கொஞ்சம் காகிதத்தை எரித்துச் சூடேற்றுங்கள். கிளம்பும்முன் விறகு பிளந்து உள்ளே அடுக்கி, அடுத்து எங்கே போகிறீர்கள் என்று வருகைப் பதிவேட்டில் எழுதுங்கள். காணாமல் போனவரைத் தேடும் மீட்புக் குழுவுக்கு அந்த வரி பெரிய உதவி.

மான்களைப் பற்றிய திருத்தத்தை அடுத்த இதழிலேயே வெளியிட்டால், மே மாதப் பயணத்துக்குத் திட்டமிடும் வாசகர்களுக்குப் பயன்படும்.

இப்படிக்கு,
வாசகர், ரொவானியெமி