ஹைட்ரஜன் எஃகு விற்கப்போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

எஃகு ஆலைகளை நடத்துகிறவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் ஆலையிலிருந்து தகடோ கம்பியோ வெளியே போகும்போது கூடவே ஒரு டெஸ்ட் சர்டிபிகேட்டும் போகிறது. ஹீட் நம்பர் (உலையில் ஒரே தடவையில் உருக்கிய எஃகுக்குத் தரும் எண்) என்ன, கார்பன் எவ்வளவு, மாங்கனீசு எவ்வளவு, கந்தகம் எவ்வளவு என்று தசமப் புள்ளிக்குப் பிறகும் விடாமல் எழுதியிருப்பீர்கள். அந்தக் கறாரை நம்பித்தான் பாலம் கட்டுகிறார்கள். ஆனால் ‘ஹைட்ரஜனில் செய்த எஃகு’ என்று விளம்பரம் செய்யும்போது மட்டும் அந்தக் கறாரைக் காணோம். என் குறை அதுதான்.

நான் இந்தத் தொழில்நுட்பத்துக்கு எதிரி இல்லை. கரி போட்டுத் தாதுவை உருக்கும் ஊது உலை வழியாக ஒரு டன் எஃகு செய்தால் இரண்டு டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. தாதுவில் இரும்போடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஆக்சிஜனைப் பிரித்தெடுக்க இத்தனை காலமும் கரியைத்தான் நம்பியிருந்தோம். அந்த வேலையை ஹைட்ரஜனிடம் கொடுத்தால் வெளியே வருவது நீராவி. ஹைட்ரஜன் எடுக்க மின்னாற்பகுப்பில், அதாவது மின்சாரம் பாய்ச்சி, பிளந்த தண்ணீர் உலையின் மறுபக்கம் தண்ணீராகவே திரும்பி வருகிறது. குளிர்வித்து மறுபடியும் பிளக்கலாம். பள்ளிக்கூட வேதியியலில் இத்தனை அழகான கணக்கு எனக்குத் தெரிந்து குறைவு.

சரி, அந்தக் கணக்கையே கொஞ்சம் நீட்டிப் பார்ப்போம். ஹெமடைட் தாதுவிலிருந்து ஒரு டன் இரும்பு எடுக்க, காகிதக் கணக்குப்படி 54 கிலோ ஹைட்ரஜன் வேண்டும். மின்னாற்பகுப்பில் ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குச் சுமார் 50 யூனிட் மின்சாரம். ஆக 2,700 யூனிட். இது ஹைட்ரஜனுக்கு மட்டும். அதைச் சூடாக்கவும், கிடைத்த பஞ்சு இரும்பை (தாது உருகாமலே ஆக்சிஜன் நீங்கி மிஞ்சும் இரும்பு) மின்சாரத்தில் எரியும் மின்வில் உலையில் உருக்கவும் ஆவது தனி. நிலக்கரி மின்நிலையம் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடை விடுகிறது. பெருக்கிப் பாருங்கள். ஊது உலையே தேவலை என்று ஆகிவிடும். உங்கள் உலையில் கரி எரியவில்லை என்பது உண்மைதான், எரிவது மின்கம்பியின் மறுமுனையில்.

மின்சாரமே வேண்டாம், ஹைட்ரஜனை வெளியே வாங்கிக்கொள்கிறோம் என்பீர்கள். இன்று உலகில் விற்கும் ஹைட்ரஜனில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருவது. எரிவாயுவிலிருந்து ஒரு கிலோ எடுத்தால் ஒன்பது, பத்து கிலோ கார்பன் டை ஆக்சைடு போகிறது. ஊது உலையைவிட இது மேல், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதில் புதுமை எங்கே? மெக்சிகோவின் மான்டெரேயில் 1957-லேயே எரிவாயுவை உடைத்து, அந்த வாயுக் கலவையால் தாதுவைப் பஞ்சு இரும்பாக்கிவிட்டார்கள். அந்தக் கலவையிலும் பெரும்பங்கு ஹைட்ரஜன்தான். வெறும் ஹைட்ரஜனை மட்டும் வைத்து டிரினிடாடில் 1999-ல் ஓர் ஆலையே ஓடத் தொடங்கியது. அந்த ஹைட்ரஜனும் எரிவாயுவிலிருந்து எடுத்ததுதான்.

அப்புறம், ஊது உலைக்குள் கொஞ்சம் ஹைட்ரஜனை ஊதிவிட்டு அதே பெயரைச் சூட்டிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்த உலையில் கோக், அதாவது சுட்டெடுத்த நிலக்கரி, வெறும் எரிபொருள் இல்லை, மேலே குவிந்திருக்கும் தாதுவைத் தாங்கி, காற்று போக வழிவிடுவதும் அதுதான். அதைக் குறைக்கலாம், அடியோடு எடுக்க முடியாது. இது உங்களுக்குத் தெரியாததல்ல.

ஒழுங்காகச் செய்யவும் வழி இருக்கிறது. ஸ்வீடனில் சுரங்க நிறுவனம் எல்கேஏபி, எஃகு நிறுவனம் எஸ்எஸ்ஏபி, மின் நிறுவனம் வாட்டன்ஃபால் மூன்றும் 2016-ல் ஹைப்ரிட் (HYBRIT) என்ற ஹைட்ரஜன் எஃகுத் திட்டத்தில் கைகோத்தன. 2021-ல் லூலியோவில் ஹைட்ரஜனால் பஞ்சு இரும்பு எடுத்தார்கள். அதே ஆண்டு அதிலிருந்து செய்த எஃகு வால்வோவுக்குப் போனது. எனக்கு இதில் பிடித்தது வேறொன்று. காற்றாலை மின்சாரத்தை நம்பினால், காற்று எப்போதும் ஒரே மாதிரி வீசாது, உலையோ நினைத்தபோது நிறுத்தும் சமாச்சாரம் இல்லை. அதனால் பாறைக்குள் குடைந்து, உள்ளே எஃகு உறை போட்டு, ஹைட்ரஜனைச் சேமித்துவைக்கும் குகை ஒன்றையும் 2022-ல் சோதனைக்குக் கொண்டுவந்தார்கள். மின்சாரம் எங்கிருந்து, எந்த நேரத்தில் வருகிறது என்று கவலைப்பட்டவர்கள் செய்கிற வேலை அது.

உங்கள் எஃகுக்குக் கூடுதல் விலை கேட்கப்போகிறீர்கள். கேளுங்கள், செலவு அதிகம்தான். ஆனால் அந்த டெஸ்ட் சர்டிபிகேட்டில் கந்தகத்துக்குக் கீழே மூன்று வரி சேர்த்துக் கொடுங்கள்: டன்னுக்கு எத்தனை கிலோ ஹைட்ரஜன் போனது, அது எதிலிருந்து எடுத்தது, மின்சாரம் என்றால் ஹைட்ரஜன் எடுத்த அதே மணி நேரத்தில் எந்த மின்நிலையத்திலிருந்து வந்தது. ஆண்டு சராசரி வேண்டாம். ஹீட் நம்பர் வாரியாகக் கொடுங்கள், கார்பனுக்கும் மாங்கனீசுக்கும் கொடுப்பதைப் போலவே.

இப்படிக்கு,
உங்கள் எஃகை வாங்குகிறவர்களில் ஒருவன்