மூக்கனேரிக் கரையில் நடக்கும் தாத்தா பாட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெரியவர்களுக்கு,

வணக்கம். சேலம் கன்னங்குறிச்சிப் பக்கம் காலையில் மூக்கனேரிக் கரையில் நடக்கிற கூட்டத்தில் நானும் ஒருத்தி. சர்க்கரைக்காகச் சிலர், மூட்டுவலிக்காகச் சிலர், விடிந்ததும் வீட்டில் என்ன செய்வது என்று தெரியாமல் சிலர். காரணம் எதுவானாலும் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு விறுவிறுவென்று நடக்கிறோம். பக்கத்திலேயே ஒரு பெரிய ஏரி கிடக்கிறது. 2010 வாக்கில் ஊர்க்காரர்கள் கூடித் தூர்வாரி, அள்ளிய மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்து மரம் வைத்தார்கள். இன்று கொக்கும் நீர்க்காகமும் உட்கார அந்தத் திட்டுகள்தான் இடம். நாம் அதைத் திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேரன் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். வந்த பிறகு நடக்க வேண்டாம், ஓரிடத்தில் நின்று பிள்ளைகளோடு பறவை பாருங்கள். மருத்துவர் சொன்ன நடையைத் திங்கட்கிழமை சேர்த்து நடந்துகொள்ளலாம்.

"எனக்குக் காக்கா, குருவி, கொக்கு தவிர ஒன்றும் தெரியாதே" என்பீர்கள். தெரிய வேண்டாம். பாடம் நடத்தப் போனால்தான் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். உண்மையில் நமக்குத்தான் அவர்கள் வேண்டும். வயதானால் காது முதலில் கைவிடுவது மெல்லிய, உச்சத்தில் ஒலிக்கும் சத்தங்களை. கட்டைவிரலைவிடக் கொஞ்சமே பெரிய பூக்கொத்திக் குருவி ஒன்று தேன்பழ மரத்தில் கத்திக்கொண்டே இருக்கும், எனக்கு ஒன்றும் கேட்காது. பேத்தி சட்டென்று நின்று, "அம்மாயி, அங்க" என்று கையை நீட்டுவாள். அந்தக் கிளையை விட்டுப் பார்வையை எடுக்காமல் காத்திருக்கிற பொறுமை அவளுக்கு இல்லை, அது என்னிடம் இருக்கிறது. இருவரும் சேர்ந்தால் குருவி அகப்படும்.

சின்னப் பிள்ளைக்கு எடுத்தவுடன் பூக்கொத்தியைக் காட்டாதீர்கள். பெரிதாக, அசையாமல் இருக்கிற பறவையில் தொடங்குங்கள். நீர்க்காகம் அதற்கென்றே பிறந்தது. இரண்டு இறக்கையையும் விரித்து, கொடியில் காயப்போட்ட கறுப்புக்குடை மாதிரி உட்கார்ந்திருக்கும். ஏன் என்று பிள்ளை கேட்கும். வாத்தின் இறகில் தண்ணீர் ஒட்டாது, இதன் இறகு நனையும். நனைந்தால் மிதப்பு குறையும், ஆழத்துக்குப் போய் மீன் பிடிக்கச் சுலபம். வெளியே வந்தால் காயவைத்துத்தான் ஆக வேண்டும்.

அப்புறம் முக்குளிப்பான். பந்து போல உருண்டையாக மிதந்துகொண்டிருக்கும், பார்க்கும்போதே காணாமல் போகும். அடுத்து எங்கே எழும் என்று பந்தயம் கட்டுங்கள். நீங்கள்தான் தோற்பீர்கள். குஞ்சு பொரித்த காலமாக இருந்து அதிர்ஷ்டமும் இருந்தால், தாயின் முதுகில் குஞ்சு சவாரி போவதைப் பார்க்கலாம். மழைக்காலத்தில் தூக்கணாங்குருவி கிடைத்தால் அரைமணி நேரம் போவதே தெரியாது. ஆண் பாதிக் கூடு கட்டிவிட்டுப் பெண்ணைக் கூப்பிடும். பெண் வந்து பார்த்துச் சரி என்றால்தான் மீதியைக் கட்டி முடிக்கும். "பிடிக்கலைன்னா?" என்றாள் என் பேத்தி. வேறு கூடு கட்டும் என்றேன். "பாவம்" என்றாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீடு பார்த்துவிட்டுச் சம்மதம் சொல்கிற வாய்ப்பு நம் காலத்தில் எத்தனை பெண்களுக்குக் கிடைத்தது?

பைனாகுலர் அவசரமில்லை. பெரியவர்களுக்கான பைனாகுலரின் இரு கண்ணாடிகளையும் ஐந்து வயதுக் குழந்தையின் கண்களுக்கு ஏற்ற அளவு நெருக்க முடியாது. ஏழெட்டு வயதில் சிறியதாக ஒன்று போதும். அதுவும் 8 மடங்கு பெரிதாக்குவதாக இருக்கட்டும். 10 மடங்கு வாங்கினால் கையின் நடுக்கமும் 10 மடங்கு தெரியும். இது குழந்தைக்கு மட்டும் சொன்னதில்லை.

கைப்பேசி பற்றியும் சொல்லிவிடுகிறேன், கோபிக்க வேண்டாம். பக்திப் பாட்டோ பழைய பாட்டோ, ஸ்பீக்கரில் அலறவிட்டுக்கொண்டு வந்தால் குழந்தைக்குக் குருவிச் சத்தம் எப்படிக் கேட்கும்? மெர்லின் போன்ற செயலியில் குரலைப் பதிந்து பெயர் தெரிந்துகொள்வது நல்லதுதான். அதே குரலைத் திரும்பப் போட்டுப் பறவையை வரவழைக்காதீர்கள். தன் இடத்துக்குப் போட்டிக்காரன் வந்துவிட்டான் என்று இரையையும் கூட்டையும் விட்டுவிட்டு அது சண்டைக்கு வரும். பேரன் கிளி வேண்டும் என்று அடம்பிடித்தாலும் வாங்கித் தராதீர்கள். நம் ஊர்க் கிளியைப் பிடிப்பதும் கூண்டில் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

ஏரி பழகிவிட்டால் ஏற்காட்டுக்கு ஏறுங்கள். படகுத்துறைக் கூட்டத்துக்கு முன்னால், விடியலிலேயே போய்விட வேண்டும். காபித் தோட்டத்து நிழல் மரங்களுக்குள்ளிருந்து யாரோ பையன் மெட்டு மறந்துபோய் விசிலடிப்பது போலக் கேட்டால் அது சீகாரப் பூங்குருவி. மலைச்சரிவில் பாறையும் புதருமான இடங்களில் மஞ்சள் தொண்டைச் சின்னான் இருக்கிறது. தென்னிந்தியாவின் பாறைக் குன்றுகளை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத பறவை. எளிதில் கண்ணில் படாது. நம் சேர்வராயன் மலையில் அது வாழ்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லவாவது செய்யலாம்.

சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிற பேரப்பிள்ளைகள் பொங்கலுக்கு வருவார்கள். அந்த நான்கு நாளும் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். கால்மணி நேரமாவது ஓரிடத்தில் நின்று, பார்த்ததை எண்ணி, பறவைக் கணக்குகளைப் பதிகிற இ-பேர்ட் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றுகிற வேலையைப் பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள். வாலாட்டிகளும் உள்ளான்களும் வடக்கிலிருந்து வந்து தங்கியிருக்கும் காலம் அது.

ஞாயிறு காலை ஆறரை மணிக்குக் கரையில் பழைய பச்சைத் தொப்பியோடு ஒருத்தி நின்றால் அது நான்தான். பைனாகுலர் இல்லாதவர்கள் என்னுடையதை வாங்கிப் பார்க்கலாம். குழந்தையின் கழுத்தில் வாரை மாட்டிவிட்டுத்தான் கையில் தருவேன். ஏரிக்குள் இறங்கித் தேடுகிற வயது எனக்கில்லை.

இப்படிக்கு,
உங்களோடு நடக்கும் ஒரு பாட்டி