புகார்: 4, 5ஆம் வகுப்புக்கான ஓவியப் பெட்டியில் அந்தப் பிளாஸ்டர் பக்கத்தை உடனே எடுங்கள்

வணக்கம்.

சேலம் அம்மாப்பேட்டையில் வீட்டிலேயே சாயங்கால ஓவிய வகுப்பு நடத்துகிறேன். நாலாவது, அஞ்சாவது படிக்கும் பிள்ளைகளுக்காக உங்களிடம் பன்னிரண்டு பெட்டிகள் வாங்கினேன். மற்ற குறைகள் இருக்கட்டும், முதலில் பிளாஸ்டர் விஷயம்.

கையேட்டில் 'உன் கையே சிற்பம்' என்று ஒரு செய்முறை. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பொடியைக் கிண்ணத்தில் குழைத்து, அதற்குள் கையை விட்டு, இறுகும்வரை அசையாமல் இருக்கச் சொல்கிறீர்கள். இதை எழுதியவர் ஒரு தடவையாவது செய்து பார்த்தாரா? அந்தப் பொடி தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது சூடு கிளப்பும், அளவு கூடினால் 60 டிகிரி செல்சியஸைக்கூடத் தொடும், சுடுகிறதே என்று கையை இழுக்கப் பார்த்தால் அதற்குள் கெட்டியாகி விரல்களைப் பிடித்துக்கொண்டிருக்கும். 2007இல் இங்கிலாந்தில் ஒரு பள்ளி ஓவிய வகுப்பில் 16 வயது மாணவி இப்படிக் கையை வைத்துத்தான் பெரும்பாலான விரல்களை இழந்தாள். நீங்களோ 9 வயதுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, மேலே 'பெரியவர் உதவி தேவையில்லை' என்று வேறு பெருமையாக அச்சடித்திருக்கிறீர்கள். கை அச்சுதான் வேண்டும் என்றால் பல் மருத்துவர்கள் அச்செடுக்கும் ஆல்ஜினேட் இருக்கிறது, அது சுடாது, ரப்பர் மாதிரி நெகிழும். கையை வெளியே எடுத்தபிறகு அந்தப் பள்ளத்தில் பிளாஸ்டரை ஊற்றலாம். என் வகுப்பில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் பிள்ளைகள் வருவதற்கு முன்பே படித்துப் பார்த்துப் பாக்கெட்டுகளை எடுத்து வைத்துவிட்டேன். எல்லா வீட்டிலும் அப்படி ஒருவர் படித்துப் பார்ப்பார் என்று என்ன நிச்சயம்?

அப்புறம் வண்ணம். சிவப்பும் நீலமும் கலந்தால் ஊதா வரும் என்று வண்ணச் சக்கரம் போட்டிருக்கிறீர்கள், சரி. ஆனால் கொடுத்திருக்கும் சிவப்பு ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்தது, அதில் ஏற்கெனவே மஞ்சள் இருக்கிறது, நீலம் சேர்ந்ததும் மூன்றும் கலந்து காப்பி டிகாக்‌ஷன் நிறம்தான் வருகிறது. கலக்கத் தெரியவில்லை என்று பிள்ளைகள் தங்களையே நொந்துகொண்டார்கள், அதுதான் எனக்குக் கோபம். மெஜந்தா பக்கம் சாயும் ஒரு சிவப்பு வைத்திருந்தால் போதும்.

அட்டைத் தறியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கல்யாணப் பத்திரிகை கனத்தில் அட்டை, பாவு நூலை, அதாவது நீளவாக்கில் போடும் நூலை, இழுத்துக் கட்டியதும் வில்லாக வளைகிறது. வீட்டில் அப்பா தறி போடும் ஒரு சிறுமி விரலால் அழுத்திப் பார்த்து, "பாவு தொய்யுது மிஸ், இதுல நெய்ய முடியாது" என்றாள். பிறகு உங்கள் பெட்டி வந்த கூரியர் அட்டையையே வெட்டி, அரை சென்டிமீட்டர் இடைவெளியில் பிளவு போட்டு அவளே ஒரு தறி செய்து நெய்துவிட்டாள். இந்த வயதில் இவ்வளவு முடியும் என்பது உங்களுக்குத் தெரியாதோ என்னவோ, பாதிப் புத்தகத்தை ஸ்டிக்கர் ஒட்டும் பக்கங்களால் நிரப்பியிருக்கிறீர்கள், அது எல்கேஜி வேலை.

வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினால், பெட்டி பிரிக்கும் வீடியோ இல்லாமல் பணம் தர மாட்டார்களாம். உடைந்து வந்த பொருளுக்கா நான் கேட்கிறேன்? எழுதியிருப்பதே தப்பு என்கிறேன், அதற்கு எதற்கு வீடியோ?

பன்னிரண்டு பெட்டிக்கும் முழுப் பணம் வேண்டும். அதைவிட முக்கியமாக, இதை வாங்கிய எல்லாருக்கும் அந்தக் கை அச்சு வேலையைச் செய்ய வேண்டாம் என்று இன்றைக்கே செய்தி அனுப்புங்கள். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாக ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வும் சொல்ல வேண்டும். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்வேன். பெட்டிகளை எடுக்க ஆள் அனுப்பினால் மாலை 5 மணிக்கு முன்னால் வரச் சொல்லுங்கள், அதற்கப்புறம் எனக்கு வகுப்பு.