கம்ப்யூட்டருக்கு மூக்கு கிடையாது

மதுரை
ஞாயிறு இரவு

அன்புள்ள முத்து,

மூன்று வாரமாகப் பதில் போடவில்லை என்று நீ திட்டுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன், பாதி சோம்பல். மீதி, அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன். நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்த மறுநாள் ஹால் சுவரை உற்றுப் பார்த்துவிட்டு, "இதுக்குப் பெயின்ட் அடிச்சு எத்தனை வருஷம்டா ஆச்சு?" என்றார். பார்வை திரும்பிவிட்டது, எனக்குத்தான் செலவு.

உன் கடிதத்தில் ஒரு பக்கம் வீட்டுச் செய்தி, மூன்று பக்கம் பால்டர்ஸ் கேட் 3 வீடியோ கேம் மேல் புகார். என் பேச்சைக் கேட்டு 150 ஜி.பி.யை இரண்டு ராத்திரி இறக்கி, ஆசையாக உட்கார்ந்தால், "அடி விழ தொண்ணூறு சதவீதம்னு போட்டுக் காட்டுறான், மூணு தடவை வரிசையா தப்புது. சகுனி பகடைடா இது" என்று எழுதியிருக்கிறாய்.

சகுனிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உன் பக்கம் உட்கார்ந்திருக்கிற சகுனி. செட்டிங்ஸில் போய்ப் பார். 'கர்மிக் டைஸ்' என்று ஒன்று இருக்கும். நீ ஒன்றும் தொடாமலே அது ஆனில்தான் இருக்கும். தோல்வி மேல் தோல்வியாக வந்து ஆள் வெறுத்துப்போகாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. அப்படி முட்டுக் கொடுத்தும் உனக்கு மூன்று தப்பியது என்றால் நான் என்ன செய்ய, போய் ஒரு தேங்காய் உடை.

இது இந்த ஒரு ஆட்டத்தின் பழக்கம் மட்டும் இல்லை. ஃபயர் எம்பளம் என்று ஒரு சண்டை ஆட்ட வரிசை, 2002-இல் வந்ததிலிருந்து அதன் பல ஆட்டங்களில் ஒரு வித்தை இருக்கிறது. அடி விழுமா என்று பார்க்க ஒரு எண் எடுப்பதற்குப் பதில் இரண்டு எண் எடுத்து சராசரி போடுவான். திரையில் 90 என்றால் உள்ளே கிட்டத்தட்ட 98. எதிரிக்கு 10 என்று காட்டினால் நிஜத்தில் 2. எக்ஸ்காம், அந்த 2012-இல் வந்ததைத்தான் சொல்கிறேன், சுலபமான லெவல்களில் நீ அடுத்தடுத்துத் தவறவிட்டால் சத்தமில்லாமல் உன் குறியைக் கூட்டிக் கொடுக்கும். நாம் இருவரும் விடிய விடிய அதைத் திட்டியிருக்கிறோம், அது என்னவோ நமக்குத்தான் பால் வார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

அவர்களையும் குறை சொல்ல முடியாது. 90 என்றால் நம் மனசு 'நிச்சயம்' என்றே படிக்கிறது. பால்டர்ஸ் கேட் உருட்டுகிற இருபது முகப் பகடையில் 95 சதவீதம் என்பது, ஒன்று விழுந்தால் மட்டும் போச்சு என்று அர்த்தம். ஒரு ராத்திரியில் நூறு தடவை உருட்டுகிறவனுக்கு சராசரியாக ஐந்து தடவை ஒன்று விழாதா? கணக்குப் பரீட்சையில் இதை எழுதி மார்க் வாங்கின நாமே மானிட்டர் முன்னால் உட்கார்ந்தால் மறந்துவிடுகிறோம்.

இதை இவ்வளவு நீளமாக எழுதுவதற்குக் காரணம், நானே ஒரு சகுனியாகி மாட்டிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மேசை ஆட்டம் பற்றிப் போன தடவையே எழுதியிருந்தேன் இல்லையா, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டிக் கதையை நகர்த்துகிற ஆட்டம். 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் ஆயிரம் பிரதி அடித்து விற்ற ஆட்டம்தான் நீ இப்போது திரையில் ஆடுவதற்குப் பாட்டன். எங்கள் வீட்டு ஹாலில் நாலு பேர். அக்கா மகன் கவின், எட்டாவது படிக்கிறான். ஆபீஸ் நண்பர் ஒருவர். எதிர்வீட்டில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் அக்கா, அவர் வைத்தியம் பார்க்கிற பூசாரியாக வருகிறார், கடையிலும் அதே வேலை, இங்கேயும் அதே வேலை. நான் கதை ஓட்டுகிறவன், டி.எம். எல்லாம் தமிழில்தான். எல்ஃப், டுவார்ஃப் மாதிரி வெளிநாட்டு மாயக்கதை ஆட்கள் எல்லாம் கிடையாது. பாதி வற்றிப்போன ஒரு கண்மாய், அதற்கு நடுவில் பாதி மூழ்கின கல் மண்டபம், காவல்தெய்வம் ஊரை விட்டுப் போய்விட்டது என்று ஒரு வதந்தி. சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் ஜேப்படி அடிக்கிற காட்சி ஒன்று வைத்தேன் பார், மூன்று மணிநேரம் போனதே தெரியவில்லை.

டி.எம். உருட்டுவதை மற்றவர்கள் பார்க்காமல் ஒரு மறைப்பு வைப்பது வழக்கம். கடையில் விற்கிறதை வாங்காமல் பட்டுச்சேலைப் பெட்டியின் மூடியை நிறுத்தி வைத்திருந்தேன். ஆடி மாதத்தில் ஒரு நாள், முதல் பெரிய சண்டை. மறைப்புக்குப் பின்னால் ராட்சசனுக்கு உருட்டினேன். இருபது. கவின் ஆடுகிற பெண் பாத்திரம் அந்த அடியில் எழுந்திருக்கவே மாட்டாள். பையன் அந்த வாரம்தான் அவளுக்கு 'மின்னல்' என்று பெயர் வைத்து, படம் வரைந்து, கலர் பென்சிலில் சுற்றிலும் பார்டர் போட்டுக்கொண்டு வந்திருந்தான். "பதினொண்ணு, தப்பிச்சுட்டா" என்றேன்.

கவின் என் முகத்தையே பார்த்தான். "மாமா, பொய் சொல்றீங்களா?"

"ஏன்டா?"

"நீங்க பொய் சொல்றப்ப மூக்கைத் தொடுவீங்க."

கையை எடுத்தேன். மெடிக்கல் அக்கா சிரித்துவிட்டார், ஆபீஸ் நண்பரும் சிரித்தார். அவன் சிரிக்கவில்லை. கொஞ்சநேரம் மின்னலின் விவரம் எழுதின ஷீட்டைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "அப்ப போன வாரம் அந்தப் பூட்டைத் திறந்தேனே, அது?" என்று கேட்டான்.

அது அவன் கையால் உருட்டிய பத்தொன்பது, முத்து. எல்லோர் கண் முன்னாலும் விழுந்தது. சொன்னேன், நம்பின மாதிரித் தலையாட்டினான். நம்பவில்லை. ஒரு இடத்தில் நான் கை வைத்ததும், கை வைக்காத இடமெல்லாம் சேர்ந்து சந்தேகத்துக்கு வந்துவிட்டது. பகடை சொல்வதை மீறுவதற்கு டி.எம்.முக்கு முழு உரிமை உண்டு என்று கைகாக்ஸே 1979-இல் வந்த கையேட்டில் எழுதி வைத்திருக்கிறார். இருக்கலாம். அவர் மருமகன் எட்டாம் வகுப்புப் படிக்கவில்லை.

கம்ப்யூட்டருக்கு இந்தத் தொல்லை இல்லை பார். அது பொய் சொல்லும்போது தொட்டுக்கொள்ள மூக்கு கிடையாது.

அன்று ராத்திரி அம்மாச்சி ஞாபகம் வந்தது. உனக்கும் தெரியுமே, திண்ணையில் கரிக்கட்டையால் கோடு கிழித்துத் தாயம். ஊரில் அத்தனை பேரையும் 'ராசா, கண்ணு' என்று கொஞ்சுகிற மனுஷி, தாயக்கட்டையைக் கையில் எடுத்தால் பேரன் என்றும் பார்க்காது. நான் விரல் நுனியில் கட்டையை மெல்ல விட்டால், "வைக்காதடா, உருட்டு!" என்று கையில் ஒன்று போடும். இரண்டு கட்டை, நாலு நாலு முகம், மொத்தம் பதினாறு விதமாக விழலாம். அதில் தாயம் விழுவது இரண்டே விதம். எட்டுக்கு ஒன்று. தாயம் விழாமல் காய் இறங்காது. அரைமணி நேரம் காயே இறங்காமல் அழுதிருக்கிறேன், நீ பக்கத்தில் முறுக்குத் தின்றுகொண்டிருந்தாய். ஒரு தடவையாவது விட்டுக்கொடுத்ததா? கடைசியில் விழுந்தபோது நான் தெருமுனை வரை கத்திக்கொண்டு ஓடினேன், அதுவும் நினைவிருக்கிறது.

லீவில் கவினைக் கீழடி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனேன். தந்தத்தில் செய்த பகடை, சுடுமண் ஆட்டக்காய் எல்லாம் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். எல்லோரும் வயசு எத்தனை நூற்றாண்டு என்று படித்துக்கொண்டிருக்க, இவன், "மாமா, இதுலயும் யாராவது ஏமாத்தியிருப்பாங்கல்ல?" என்றான். இன்னும் மறக்கவில்லை, பயல்.

சேலைப்பெட்டி மூடி இப்போது பரணில் இருக்கிறது. எல்லாப் பகடையும் மேசை நடுவில், எல்லோர் கண் முன்னால்.

இனி உன் மற்ற கேள்விகள். இன்னும் வீடியோ கேம் ஆடுகிறேனா? ஆடுகிறேன். பாப்பா தூங்கின பிறகு நாற்பது நிமிடம் கிடைக்கிறது, அதற்குள் நாலு பேரை எங்கே போய்த் திரட்டுவது? ஆனால் பெரிய வரைபடம் ஆட்டங்களை விட்டுவிட்டேன். படத்தைத் திறந்தால் நூறு குறி, ஒவ்வொன்றிலும் போய் நின்று ஒரு வேலை, டிக் போடு, அடுத்தது. அதற்கு நான் ஆபீஸிலேயே இருந்துவிடுவேன், சம்பளமாவது வரும்.

உனக்கு அதிர்ஷ்டத்தின் மேல் இவ்வளவு கோபம் என்றால் இன்டு தி பிரீச் ஆடு. 2018-இல் வந்தது. சதுரங்கம் மாதிரி எட்டுக்கு எட்டுக் கட்டம், எதிரி அடுத்து எங்கே அடிக்கப்போகிறான் என்பதை முன்கூட்டியே காட்டிவிடுவான். உன் அடி தப்பவே தப்பாது. தோற்றால் முழுக்க உன் புத்திதான் காரணம். ஒரு சண்டைக்கு ஒரே ஒரு தடவை, ஆடின சுற்றைத் திரும்ப ஆட விடுவான். அந்த ஒன்றை எப்போது செலவழிப்பது என்று நான் பட்ட பாடு பெண் பார்க்கப் போனபோதுகூடப் பட்டதில்லை.

தோற்பது எப்படி என்று பார்க்க ஆசையாக இருந்தால் டிஸ்கோ எலிசியம். ஹீரோ ஒரு குடிகார போலீஸ்காரன். விடிய விடியக் குடித்து, ஓட்டல் அறையில் அரை நிர்வாணமாக எழுந்திருக்கிறான், அவன் கழுத்து டை மின்விசிறியில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை எட்டிப் பிடிக்கப் போய் எனக்கு உருட்டல் தப்பி, மாரடைப்பு வந்து, ஆட்டம் முடிந்துவிட்டது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பகடையிடம் தோற்று நான் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை. அங்கே தோற்றால்தான் வசனமே களைகட்டும்.

பால்டர்ஸ் கேட்டில் நானும் யோக்கியன் இல்லை. எஃப்5 சேவ், எஃப்8 லோடு, தோற்றால் சேவ் போட்ட இடத்துக்கே திரும்பிவிடலாம். என் கீபோர்டில் எஃப்8 எழுத்து அழிந்தே போய்விட்டது. ஒரு காவலாளியிடம் பொய் சொல்லித் தப்பிக்க ஒன்பது தடவை லோடு போட்டேன். ஒன்பதாவது தடவை ஜெயித்தபோது ஒரு மண்ணும் தோன்றவில்லை. இப்போது ஹானர் மோடு தொடங்கியிருக்கிறேன். ஒரே சேவ், பின்னால் போக வழியில்லை. முடித்தால் தங்கநிறப் பகடை ஒன்று தருவான், அவ்வளவுதான் பரிசு. இரண்டு தடவை செத்தாயிற்று. கான்ட்ரா வீடியோ கேமில் அருவியில் என்னை விட்டுவிட்டு நீ மேலே ஏறிக்கொண்டே போவாயே, திரையும் உன்னோடு ஏறும், கீழே நின்ற நான் சும்மா நின்றே சாவேன், அதைவிட இது கௌரவமான சாவு.

சாவு என்றதும், இன்று நடந்ததைச் சொல்லாமல் தூங்க முடியாது.

கல் மண்டபத்துக்குள் பிணந்தின்னி. மின்னல் தனியாக உள்ளே போனாள், வேண்டாம் என்று மூன்று பேரும் சொல்லியும். பூசாரியம்மா தண்ணீருக்கு அந்தப் பக்கம். அடி விழுந்து மின்னலின் உயிர்ப்புள்ளி பூஜ்யம். இனி ஒவ்வொரு முறையும் அவள் பிழைப்பதற்கு உருட்ட வேண்டும். பத்தோ அதற்கு மேலோ விழுந்தால் நல்லது, குறைந்தால் கெட்டது. எது முதலில் மூன்று சேருகிறதோ அதன்படி.

கவின் உருட்டினான். ஏழு. மெடிக்கல் அக்கா நீந்தி வருகிறேன் என்றார், இன்னும் பாதி தூரம். மறுபடி உருட்டினான். பதினாலு. ஆபீஸ் நண்பர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. மூன்றாவது தடவை பகடையைக் கையில் வைத்து ரொம்பநேரம் குலுக்கினான். அது உருண்டு, முறுக்குத் தட்டில் முட்டி, நின்றது.

ஒன்று. இங்கே ஒன்று விழுந்தால் இரண்டு தோல்விக்குச் சமம். முடிந்தது.

யாரும் பேசவில்லை. என் கை தானாக மூக்குப் பக்கம் போனது, பாதியில் நிறுத்திக்கொண்டேன். கவின் குனிந்து பகடையைப் பக்கவாட்டில் பார்த்தான், அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறு எண் தெரியுமோ என்கிற மாதிரி. பிறகு ஷீட்டை எடுத்து, படத்துக்குக் கீழே இன்றைய தேதி போட்டு, "மண்டபத்தில்" என்று எழுதினான். கண் கலங்கியிருந்தது. நான் பாத்ரூம் போகிற சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது மெடிக்கல் அக்கா உடலைக் கரைக்குக் கொண்டுவந்து போட்டிருந்தார். ஆபீஸ் நண்பர் யார் கொள்ளி வைப்பது என்று கேட்டுக்கொண்டிருந்தார். கவின் என்னைப் பார்த்து, "புது ஷீட் இருக்கா மாமா? மின்னலுக்கு ஒரு தங்கச்சி இருக்கா, கத்தியை வாங்கிட்டுப் போக வர்றா" என்றான். அவளுடைய எண்களை எல்லாம் என் முன்னாலேயே உருட்டினான். ஒவ்வொன்றையும் என்னைப் பார்க்கச் சொல்லி, பார்த்த பிறகுதான் எழுதினான். பலம் ஏழு. திரும்ப உருட்டுகிறாயா என்று கேட்டேன். முறைத்தான்.

சித்திரைக்கு வருகிறாய் அல்லவா? ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்கிவிடு. மறைப்பு இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அப்புறம், அம்மாச்சியின் பித்தளைத் தாயக்கட்டை கடைசியாக உங்கள் வீட்டில்தான் இருந்தது. எங்கே இருக்கும் என்று உன் அம்மாவிடம் கேள். கவினுக்குக் காட்ட வேண்டும்.

உன்
சேகர்