காப்பைக் கழற்றி வைத்த கதை

களுதாவளை,
மார்கழி மழை விட்ட ஒரு காலை

அன்புள்ள மகன்,

குசினி ஜன்னலுக்குள்ளால் நீ எடுத்து அனுப்பிய வீடியோவை நானும் அப்பாவும் நாலைந்து தரம் பார்த்துவிட்டோம். மண்வெட்டியை நட்டுவிட்டு நீ தேத்தண்ணி போட உள்ளே வர, அந்தச் சிவப்பு நெஞ்சுக்காரன், ரொபின் குருவி, பிடியில் வந்து இருந்துகொண்டு ஜன்னலையே பார்க்கிறான். "லண்டனில் இவனுக்கு ஒரு கங்காணி கிடைத்துவிட்டான்" என்று அப்பா ஒரே சிரிப்பு.

அது பாசத்தில் வந்ததென்று நினைக்காதே. காட்டில் பன்றி மண்ணைக் கிளறும்போது பின்னாலே போய்ப் புழு பொறுக்கிய பழக்கம் ரொபினுக்கு. உன்னையும் ஒரு பன்றிக் கணக்கில்தான் வைத்திருக்கிறது.

இங்கே அந்தப் பன்றி நான். விடிய மாமரத்தடியைக் கூட்டும்போது விளக்குமாற்றுக்குப் பின்னால் பத்தடி தள்ளி ஒருவன் வருவான். கறுப்பும் வெள்ளையும், வாலைச் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டு. புத்தகத்தில் குண்டுக்கரிச்சான் என்றிருக்கும், சிங்களத்தில் பொல்கிச்சா. பொல் என்றால் தேங்காய். பொருத்தமான பெயர்தான். செவ்வண்டு தின்று தலை போன நம் தென்னையின் பொந்தில்தான் பங்குனியில் கூடு வைத்தார்கள். விறகுக்குத் தறிக்கப் போன அப்பாவைத் தடுத்து நிறுத்தியது நான் என்பதை இந்த இடத்தில் பதிந்து வைக்கிறேன்.

உன்னுடையவனும் என்னுடையவனும் சொந்தக்காரர்கள், தெரியுமா? முன்பு பூங்குருவிகளோடு சேர்த்திருந்தார்கள், இப்போது இரண்டையும் ஈப்பிடிப்பான் குடும்பத்தில் வைத்திருக்கிறார்கள். விஞ்ஞானம் படிப்பித்த வாய் பென்ஷன் எடுத்தாலும் சும்மா இராது. இந்தியாவில் குண்டுக்கரிச்சானின் பெட்டை சாம்பல் நிறமாக இருக்கும், பார்த்த உடனே தெரியும். நம் நாட்டுப் பெட்டையோ ஆணைப்போலவே கறுப்பு. ரீவி அன்டெனாவில் ஏறி நின்று விடியப்புறம் பாடுகிறவன் ஆண் என்று வைத்துக்கொண்டு, நான் 'அவன்' என்கிறேன்.

சரி, அவனைக் கையில் எப்படி வரவைத்தாய் என்று கேட்டிருந்தாய். முதலில் சோறு வைத்தேன். புலுனிக் குருவிக் கூட்டமும் அணிலும் தின்றுவிட்டுப் போயின, அவன் திரும்பியும் பார்க்கவில்லை. அவனுக்கு வேண்டியது அசைகிற சாமான். பிறகு உரிமட்டைக் குவியலைப் புரட்டி, அடியிலிருந்த கறையானைச் சிரட்டையில் தட்டிக் கிணற்றுக்கட்டில் வைத்தேன். அன்றைக்கே வந்தான். அப்புறம் ஒவ்வொரு நாளும் சிரட்டையை ஒரு சாண் என் பக்கம் நகர்த்தினேன். முழங்காலுக்குக் கிட்ட வர மூன்று கிழமை.

அங்கேதான் அவசரப்பட்டேன். ஒரு நாள் சிரட்டையை எடுத்துவிட்டுக் கையை நீட்ட, காப்பு இரண்டும் கிலுங்கின. ஒரே பறப்பு. நாலு நாள் ஆளைக் காணவில்லை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் சாப்பிடும்போது இரண்டு தரம் அந்தப் பக்கம் பார்த்தார். அதற்குப் பிறகு காப்பைக் கழற்றிக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டுத்தான் இருப்பேன். ஒன்று உருண்டு கிணற்றுக்குள் விழப் பார்த்தது வேறு கதை.

வந்த அன்றைக்கு நான் அவனைப் பார்க்கவேயில்லை. கண்ணை நேராக வைத்தால் பயப்படும், வேலியைப் பார்த்துக்கொண்டிரு என்று மனசு சொன்னது. கட்டைவிரலுக்குக் கீழே குளிர்ந்த நகம் நாலைந்து பட்டமாதிரி இருந்தது, பாரமே தெரியவில்லை. ஒரு கறையானை எடுத்து அலகின் நுனியில் வைத்துக்கொண்டு, இன்னொன்றையும் அதோடு சேர்த்துக் கவ்வி, விழுங்காமல் தென்னைப் பக்கம் பறந்தான். உள்ளே குஞ்சு பொரித்திருக்கிறது என்று அப்போதுதான் விளங்கியது.

ஒரு குறும்பும் உண்டு. அப்பாவின் மோட்டார் சைக்கிள் கண்ணாடியில் தன்னைக் கண்டுவிட்டு, வேறொருவன் இடம் பிடிக்க வந்துவிட்டான் என்று அரைமணி நேரம் கொத்துவான். மூச்சு இளைத்து நிற்கும்போது பாவமாக இருக்கும். இப்போது இரண்டு கண்ணாடிக்கும் என் பழஞ்சேலைத் துண்டு கட்டியிருக்கிறோம். ரோட்டில் போகிறவர்கள் நேர்த்திக்கடனா என்று கேட்கிறார்கள்.

உன்னுடையவனும் அப்படித்தான், சிவப்பைக் கண்டால் சண்டை. ஆடியில் நீ அனுப்பிய படத்தில் புள்ளி புள்ளியாக மண்ணிறத்தில் ஒன்று இருந்ததே, அது வேறு குருவியல்ல, ரொபினின் குஞ்சு. நெஞ்சில் சிவப்பு இல்லாதவரைக்கும் பெரியவை அதை விட்டுவிடும்.

இரவு வேலை முடிந்து நீ நடந்துகொண்டே எனக்குப் போன் எடுக்கிறாய் அல்லவா, உனக்கு அதிகாலை நாலு, எனக்குக் காலை ஒன்பதரை. பின்னால் ஒன்று பாடுவது எனக்கு இங்கே கேட்கும். தெருவிளக்கு வெளிச்சத்தில் பாடுவதும் ரொபின்தான். குளிர்காலத்தில் ஆணும் பெண்ணும் தனித்தனியாக இடம் பிடித்து, இரண்டுமே பாடுமாம். நீ பேசாமல் நடக்கும்போது அதைத்தான் கேட்டுக்கொண்டிருப்பேன், லைன் போய்விட்டதென்று நினைத்து வைத்துவிடாதே.

கடையில் விற்கிற காய்ந்த புழுவை வாங்கினால் தண்ணீரில் ஊறவைத்துப் போடு. சீஸ் துருவிப் போட்டாலும் தின்னும், கொஞ்சமாக. கூடு வைக்கப் பெட்டி அடிப்பதென்றால் வட்ட ஓட்டை போடாதே, அது நம் ஆளுக்குத்தான் சரி. ரொபினுக்கு முன்பலகையில் மேல்பாதியைத் திறந்து விட வேண்டும், கொடி மறைவில் கட்டு, பக்கத்து வீட்டுப் பூனையைப் பார்த்துக் கட்டு.

கையில் கூப்பிடுவதென்றால் கையுறை இல்லாமல் நிற்பாய், எனக்குத் தெரியும். நில் மனே. மற்றக் கையையாவது ஜாக்கெட்டுப் பைக்குள் வைத்துக்கொள்.

அன்புடன்,
அம்மா