பாணமை வீதியில் செருப்பைக் கழற்றித் தந்த முஸ்லிம் அண்ணனுக்கு, எங்கள் நானாவுக்கு

கதிர்காமப் பாதயாத்திரையில் பாணமை ஊரைத் தாண்டி உகந்தை முருகன் கோயிலுக்கு நடக்கும்போது அம்மாவின் செருப்பு அறுந்துவிட்டது. உச்சி வெயில். வெறுங்காலோடு சமாளித்து வந்தவர் முள் ஏறி வீதியோரம் உட்கார்ந்துவிட்டார். குழு முன்னால் போய்விட்டது, போத்தலில் தண்ணீரும் இல்லை.

மீன்பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளில் எங்களைக் கடந்து போன நீங்கள், கொஞ்சத் தூரம் போய்த் திரும்பி வந்தீர்கள். நாங்கள் கூப்பிடவில்லை. மண்ணில் குந்தி, அம்மாவின் காலைத் தூக்கி உங்கள் மடியில் வைத்தீர்கள். ஊசியை லைட்டரில் சுட்டு, முள்ளை மெல்ல மெல்ல எடுத்தீர்கள். அம்மா கூச்சப்பட்டுக் காலை இழுத்தபோது, "எங்கட உம்மாவுக்குச் செய்ய மாட்டேனா?" என்றீர்கள். அந்தக் கையின் மீன் வாசம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

அப்புறம் உங்கள் செருப்பையே அம்மாவுக்கு மாட்டிவிட்டீர்கள். "மகளுக்குச் சுகமில்ல. அங்க போய் அவவுக்கும் ஒரு சொல் கேளுங்கம்மா" என்று சொல்லிவிட்டு வெறுங்காலோடு போய்விட்டீர்கள்.

உகந்தையில் அம்மா முதலில் கேட்டது பெயர் தெரியாத உங்கள் மகளுக்காகத்தான். சன்னிதியில் கண்ணை மூடினால் எனக்கு அந்த வீதியோரம்தான் தெரிந்தது. முருகன் எங்களை அங்கேயே வந்து பார்த்துவிட்டான் என்று மனதார நம்புகிறேன்.

நானா, பொத்துவில் பக்கம் யாராவது இதை உங்களுக்குக் காட்டினால், மகள் எப்படி இருக்கிறா என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். உங்கள் செருப்பு குமனை, யால காடு கடந்து கதிர்காமம் வரை நடந்தது. அம்மா அதைக் கழுவிப் பத்திரமாக வைத்திருக்கிறார்.